ஒரு பிடி கும்பத்து நெல்

நான்கு மாதத்துக்குள் இரண்டாவது தடவையாக ஊருக்குப் போக வேண்டி வந்தது. ஐப்பசியில் அம்மாவின் திவசத்துக்குப் போனபோதே, முரசுமோட்டையில் என் பெயரில் கிடந்த ஒரு ஏக்கர் வயலைத் தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்க வேண்டும். ஏதோ ஒரு பத்திரம் குறைகிறது என்று சட்டத்தரணி சொல்லிவிட்டார். அது கிடைத்ததும், தைப்பொங்கல் கழிந்த கையோடு திரும்பவும் பெட்டி கட்டினேன்.

ஜேர்மனியில் நான் வயோதிபர் இல்லமொன்றில் துப்புரவு வேலை செய்கிறேன். லீவுக் கடிதத்தைப் பார்த்த மேற்பார்வைப் பெண், உன் ஊரில் அப்படி என்னதான் திரும்பத் திரும்ப நடக்கிறது என்று கேட்டாள். வயல் என்றேன். வயல் எங்கேயும் ஓடிவிடாதே என்றாள். அவளுக்கு விளங்கப்படுத்துமளவுக்கு எனக்கு ஜேர்மன் வராது. உண்மையைச் சொன்னால் தெம்பும் இருக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயது, இரண்டு முழங்காலிலும் நோ. அம்மாளே, நடத்தி முடித்துத் தா என்று சொல்லிக்கொண்டு புறப்பட்டேன்.

வவுனியாவில் பஸ் ஏறும்போது எனக்கு முன் சீட்டில் இரண்டு சிங்களப் பெண்கள் இருந்தார்கள். அவர்களும் வயலில் கமம் செய்கிறவர்கள்தான் என்பது கையைப் பார்த்தாலே தெரிந்தது. விடாமல் கதைத்துச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். என்ன சிரிப்பு என்று கண்டக்டரிடம் கேட்டேன். அவர் தமிழில் சொன்னார். போன கோடையில் அவர்களின் குளம் வற்றி, கடைசியில் ஒரு பள்ளக் கிடங்கில் மட்டும் தண்ணீர் நின்றதாம். காலையில் இவர்கள் அள்ளப் போவார்களாம், பின்னேரம் யானை வருமாம். இவர்கள் பிந்தினால் யானை தள்ளி நிற்குமாம், யானை முந்தினால் இவர்கள் தள்ளி நிற்பார்களாம். அப்படியானால் யானையையும் கமக்காரர் சங்கத்தில் சேர்த்துச் சந்தா கேட்க வேண்டியதுதான் என்று ஒருத்தி சொன்னாளாம். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

மாங்குளத்துக்குக் கிட்ட டயர் வெடித்தது. எல்லாரும் இறங்கித் தெருவோரம் நின்றோம். அங்கே ஒரு பனையை ஆலமரம் சுற்றி வளைத்துப் பிடித்திருந்தது. அடியில் யாரோ ஒரு கல்லை வைத்துத் திருநீறு பூசியிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். பக்கத்தில் வெற்றிலை சப்பிக்கொண்டு நின்ற ஒரு பெரியவர் அண்ணாந்து பார்த்தார்.

"பனை செத்துக் கனகாலம்," என்றார். "குருவி எச்சத்திலை வந்து ஏறின விதை. வெளிச்சம் முழுக்கத் தான் எடுத்துப்போட்டுது. நீங்கள் இப்ப ஆலைக் கும்பிட்டனீங்களோ, பனையைக் கும்பிட்டனீங்களோ?"

நானும் அண்ணாந்து பார்த்தேன். அதற்குள் குரங்குக் கூட்டமொன்று இறங்கி, ஒரு பெடியனின் சோற்றுப் பொதியைப் பறித்துக்கொண்டு மதகில் ஏறிவிட்டது. பெரிய குரங்கு முட்டையை எடுத்தது. தாய்க் குரங்கு பருப்புச் சோற்றை அள்ளியது. சின்னதுகளுக்குத் தாள்தான் மிச்சம். அதையும் நாய் வந்து இழுத்தது. நாய் போன பிறகு காகம் வந்து கொத்தியது. டயர் மாற்றி முடிய ஒரு மணித்தியாலம் எடுத்தது. ஜேர்மனியில் ரயில் ஐந்து நிமிடம் பிந்தினாலே மன்னிப்புக் கேட்டு அறிவிப்பார்கள். இங்கே யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. அந்தப் பெடியனுக்கு மூன்று பேர் தங்கள் சாப்பாட்டில் பங்கு கொடுத்தார்கள்.

பஸ் வெளிக்கிட்ட பிறகு வயல்களில் மயில்கள் கண்ணில் பட்டன. கோழி மாதிரிக் கூட்டமாக நின்று கதிரை உருவிக்கொண்டிருந்தன. கல்லெறிய மாட்டார்களா என்று அதே பெரியவரிடம் கேட்டேன்.

"ஆர் எறியிறது? முருகன்ரை வாகனம். அவர் பாவம், நடந்துதான் திரியிறார் போலை. வாகனம் எங்கடை வயலிலை நிக்குது."

தம்பி குணம் பரந்தனுக்கு மோட்டார் சைக்கிளில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனான். என்னைவிட ஒன்பது வயது இளையவன். இந்த முறை என்னைவிட மூத்தவன் மாதிரித் தெரிந்தான். அவன் மனைவி தவமணி, எனக்கு மச்சாள், இடியப்பமும் சொதியும் முருங்கையிலை வறையும் வைத்திருந்தாள். அவளுடைய கைகளைப் பார்த்தேன். நகத்தைச் சுற்றி வெடித்துக் கறுத்துக் கிடந்தன. மகள் யாழ்ப்பாணத்தில் படிக்கிறாள். வீட்டில் இவர்கள் இருவரும்தான். சாப்பிட்டு முடிந்ததும் இருவரும் கதிரையில் சாய்ந்து இருந்தபடியே நித்திரையாகிப் போனார்கள். விருந்தாளி நான் எழும்பிக் கோப்பை கழுவினேன்.

அடுத்த நாள் காலையில் கிளிநொச்சிக்குப் போய்க் கையெழுத்து வைத்தேன். அரை மணித்தியால வேலை. இதற்காகவா கடல் கடந்து வந்தேன் என்றிருந்தது. வெளியே வந்து பிளேன்ரீ குடித்துவிட்டு, இனி அந்த வயல் முழுக்க உன்னுடையது தம்பி என்றேன். அவன் சந்தோஷப்படுவான் என்று பார்த்தேன். தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டு, வாங்கோ அக்கா, ஒண்டு காட்ட வேணும் என்றான்.

அவனுடைய வயல் மூன்று துண்டு. மேல் வயல், நடு வயல், வாய்க்கால் கரை வயல். கடைசித் துண்டுதான் அன்று காலை வரைக்கும் என் பங்காக இருந்தது. மற்ற இரண்டும் தலை ஒன்றுபோலச் சீராக நின்றன. வாய்க்கால் கரை வயலில் மட்டும், நெல்லுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அங்கங்கே கதிர்கள் நீட்டிக்கொண்டு நின்றன. கிட்டப் போய்ப் பார்த்தேன். நெல்தான். ஆனால் ஒவ்வொரு மணிக்கும் சிவந்த நீள வால். விரல் பட்டதும் மணி உதிர்ந்து சேற்றில் விழுந்தது.

"பன்றி நெல்," என்றான் குணம். "வேற புல்லெண்டா கண்டவுடனை பிடுங்கலாம். இது நெல்லின்ரை முகத்தோடை நெல்லுக்குப் பக்கத்திலை நிக்கும். நெல்லுக்குப் போட்ட பசளையை நெல்லுக்கு முந்திக் குடிக்கும். வெயிலுக்கு நெல்லை மேவி வளரும். கதிர் வரேக்கைதான் தன்னை ஆரெண்டு காட்டும். காட்டின கையோடை, நாங்கள் அரிவாள் எடுக்க முந்தித் தன்ரை விதையைக் கொட்டிப்போட்டு நிக்கும்."

கொட்டின விதை மண்ணுக்குள் வருடக்கணக்கில் கிடக்குமாம். எல்லாம் ஒரே மழையில் முளைக்காதாம். இந்த வருடம் கொஞ்சம், அடுத்த வருடம் கொஞ்சம் என்று முறை வைத்தது போல வருமாம். குணத்தின் வயல் ஒரு காலத்தில் பாதிக்குப் பாதி இதுவாகத்தான் கிடந்தது. முதல் மழைக்கு அதை முளைக்கவிட்டு உழுது தாட்டு, திரும்பவும் முளைக்கவிட்டுத் திரும்பவும் தாட்டு, மிச்சத்தைத் தவமணி முழங்காலில் நின்று கையால் பிடுங்கி, மூன்று போகம் மல்லுக்கட்டித்தான் வயலைத் துப்புரவாக்கினார்கள். அதைப் பார்த்துத்தான் மாரி மழையோடு செய்கிற இந்தக் காலபோகத்துக்கு விதைநெல் செய்கிறவர்களின் பட்டியலில் முதன்முதலாகக் குணத்தைச் சேர்த்திருக்கிறார்கள். விதைநெல்லில் பன்றி நெல் கலந்தால், வாங்கி விதைக்கிற வயலெல்லாம் கெட்டுப்போகும். அதனால் அறுவடைக்கு முன் உத்தியோகத்தர் வந்து வயலில் இறங்கிப் பார்ப்பார். இந்த வெள்ளிக்கிழமை வருகிறார். பிழை கண்டால் இந்த விளைச்சல் விதைக்கு எடுபடாது, பட்டியலிலும் பெயர் இராது.

"எங்காலை வந்தது?" என்று கேட்டேன்.

குணம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினான். சின்னராசா அண்ணையின் வயல். அங்கே நின்று வடிகிற தண்ணீர் முதலில் வாய்க்கால் கரை வயலுக்குள்தான் இறங்கும். அவர் வயலில் பன்றி நெல் நிற்பது வரம்பில் நின்றே தெரிந்தது. இரண்டு நாளைக்கு முன் குணம் அவரோடு சண்டை பிடித்திருக்கிறான். இருபது வருடமாக ஆளுக்காள் கை மாறி வேலை செய்தவர்கள். இப்போது அவர் ஒரு வரம்பில் வந்தால் இவன் மறு வரம்பால் போகிறான்.

இவ்வளவு கும்பிட்டும் இப்படி வந்ததே என்று எனக்கு மனம் சலித்தது. ஏனென்றால் ஐப்பசியில் நான் வந்து நின்றபோதுதான் விதை ஊறவைத்தார்கள். ஒவ்வொரு வயலுக்கும் ஒவ்வொரு சாக்கு. அந்தந்தச் சாக்கு விதையை அந்தந்த வயல் மூலையிலேயே நாற்றாகப் போடுவதாக ஏற்பாடு. அதற்கு முதல் நாள் நான் முல்லைத்தீவுப் பக்கம் வாவிக்கரை அம்மன் கோவிலுக்குப் போயிருந்தேன். கும்பத்தின் கீழே வாழையிலையில் பரப்பியிருந்த நெல்லில் ஒரு பிடியைப் பூசாரி என் சேலைத் தலைப்பில் போட்டார். விதைக்கு முன் கோவில் நெல் ஒரு பிடி சேர்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். குணம் கிணற்றடிக்குப் போன நேரம், என் வயலுக்குரிய சாக்கை அவிழ்த்து அதைப் போட்டுக் கையால் அளைந்துவிட்டேன். கொடுக்கப் போகிற காணி, விளங்கிக் கொடுபடட்டும் என்று நினைத்தேன்.

புதன்கிழமை விடியலில் மூன்று பேரும் இறங்கினோம். பன்றி நெல்லைச் சும்மா பிடுங்கக்கூடாது. கதிருக்கு முதலில் சொப்பிங் பையைத் தொப்பி போலப் போட்டுக் கட்டிப் பிடித்து, பிறகுதான் அடியில் இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கேயே கொட்டிவிடும். பத்துப் பிடுங்கியதும் இடுப்பு நின்றுவிட்டது. தலைக்கு மேலே சிட்டுக் கூட்டம் இறங்கி நல்ல நெல்லாகப் பார்த்துப் பால் உறிஞ்சியது. வரம்பில் பன்றி இரவு கிண்டிப்போட்ட குழிகள். நண்டுப் பொந்துகள். ஒரு ஏக்கர் சோற்றுக்கு எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று பார்க்கப் பார்க்க அலுப்பாக இருந்தது. யார்மேலும் கோபிக்கவும் முடியவில்லை. எல்லாருக்கும் வயிறு இருக்கிறது.

மத்தியானம் வரம்பில் இருந்து குத்தரிசிச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டோம். தவமணி தன் காலை நீட்டி, முழங்காலைக் கையால் அமத்திக்கொண்டு, இந்த நாற்றை நட்டதும் நான்தான் மச்சாள் என்றாள். ஒவ்வொரு நாற்று முடியாகப் பார்த்துத்தான் நட்டாளாம். சின்னதில் ஒன்றுமே வித்தியாசம் தெரியாதாம்.

என்னால் இரண்டாம் நாள் குனிய முடியவில்லை. நீங்கள் கோவிலுக்குப் போய் எங்களுக்காக ஒரு நேர்த்தி வைத்துவிட்டு வாருங்கள் என்று தவமணிதான் அனுப்பினாள். வியாழக்கிழமை காலை முல்லைத்தீவு பஸ் ஏறினேன். பக்கத்தில் ஒரு கத்தோலிக்கப் பெண், கழுத்தில் செபமாலை, மடியில் வெறும் மீன்கூடை. கடல் எப்படி என்று கேட்டேன். கரையில் மீன் குறைய எல்லாரும் ஒரே இடத்தில்தான் வலை போடுகிறார்கள், வலைக்கு மேல் வலை விழுகிறது என்றாள். முள்ளிவாய்க்காலைத் தாண்டும்போது பஸ்ஸுக்குள் கதை நின்றது. அதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. அவள் சிலுவை போட்டாள், நான் கைகூப்பினேன். அதற்குப் பிறகு அவள் தன்னிடமிருந்த தோடம்பழத்தில் பாதியை எனக்குத் தந்தாள்.

வாவியில் நீர்க்காகம் ஒன்று மீனோடு மேலே வந்தது. அது விழுங்குவதற்குள் பருந்து பாய்ந்தது. மீன் இரண்டுக்கும் இல்லாமல் தண்ணீருக்குள் விழுந்தது. இதைப் பார்த்துக்கொண்டே கோவிலடிக்கு நடந்தேன்.

அர்ச்சனை முடிந்து வெளி மண்டபத்துக்கு வந்தபோது, அங்கே ஒரு அம்மா பாயில் நெல்லைக் குவித்துவைத்துச் சுளகில் புடைத்துக்கொண்டிருந்தா. கோவிலின் அடுத்த பொங்கலுக்கு அரிசியாக்க வேண்டிய நெல். புண்ணியத்துக்கு ஒரு கை பிடிப்போம் என்று நானும் பக்கத்தில் இருந்து சுளகை வாங்கினேன். புடைத்த நெல்லுக்குள் சிவந்த வால் ஒன்று தெரிந்தது. பிறகு இன்னொன்று. கையால் கிளறினேன்.

"அம்மா, இதுக்குள்ளை பன்றி நெல் கிடக்குதே," என்றேன்.

"கிடக்கும்தானே பிள்ளை. எல்லாச் சனமும் தங்கடை தங்கடை வயல் நெல்லைக் கொண்டந்து கொட்டுதுகள். எங்கடை வயலிலை நிண்டதும் வரும், அங்காலை வயலிலை நிண்டதும் வரும். சோறாக்கினா அம்மாளுக்கு எல்லாம் ஒண்டுதான்."

கும்பத்துக்கும் இந்த நெல்லைத்தானா பரப்புகிறது என்று கேட்டேன். வேறு எந்த நெல்லை என்று அவா திருப்பிக் கேட்டா.

சுளகை அப்படியே வைத்துவிட்டேன். ஐப்பசியில் அந்தச் சாக்குகளுக்குப் பக்கத்தில் நின்று, இதுக்குள்ளை வேற நெல் ஒரு மணியும் விழப்படாது என்று குணம் கூலியாட்களுக்குச் சொன்னது என் காதிலும் விழுந்ததுதான். அம்மாளின் நெல் வேறு நெல் ஆகுமா என்று நான் நினைத்தேன். மற்ற இரண்டு வயலும் ஏன் சுத்தமாக நிற்கின்றன என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. என்னிடம் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

திரும்பவும் உள்ளே போய் அம்மன் முன்னால் நின்றேன். நேர்த்தி எதுவும் வைக்கவில்லை. பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தேன்.

அன்று பொழுதுபட வீட்டுக்கு வந்தபோது இருவரும் வயலால் வந்து, சேறு காய்ந்த காலோடு குசினி வாசலில் இருந்தார்கள். நாளைக்கு வயல் பார்க்க வருகிற உத்தியோகத்தர் மிஸ்ஸிடம் சின்னராசா அண்ணையின் தண்ணீரைப் பற்றிச் சொல்லப் போகிறேன் என்றான் குணம். சொல்ல வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். அயலவன், பாவம் என்றேன். அதற்கு மேல் எனக்குத் தைரியம் வரவில்லை. தவமணி என் கோவில் திருநீற்றை வாங்கிக் கண்ணில் ஒற்றினாள். அதைப் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை உத்தியோகத்தர் வந்தா. இளம் பிள்ளை, தலையில் தொப்பி, காலில் முழங்கால் வரைக்கும் சப்பாத்து. மேல் வயலைச் சுற்றி வந்து தலையாட்டினா. நடு வயலிலும் அப்படியே. வாய்க்கால் கரை வயலில் இறங்கிப் பத்தடி போகவில்லை, குனிந்து ஒரு கதிரை நிமிர்த்தினா. எங்கள் கண்ணுக்குத் தப்பியது. இன்னும் கொஞ்சத் தூரம் போய் இன்னொன்று. நாங்கள் இரண்டு நாள் பிடுங்கியும் அவ்வளவு மிச்சமிருந்தது.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சின்னராசா அண்ணை வந்து நின்றார். அறுபது வயது தாண்டிய, ஒல்லியான மனிதர். தோளில் துவாய். கூப்பிடாமல்தான் வந்திருந்தார்.

"ஐயா, இது எப்பிடி வந்தது?" என்று அந்தப் பிள்ளை குணத்திடம் கேட்டா. "தண்ணியிலை வந்ததெண்டா மற்ற ரெண்டு வயலுக்கும் அது வராதெண்டு நான் எழுத ஏலாது. மூண்டையும் தள்ளத்தான் வேணும். இந்த வயல் விதையோடை மட்டும் வந்ததெண்டா வேற கதை."

"விதை நீங்கள் தந்த விதைதானே மிஸ்," என்றான் குணம். "தண்ணிதான். அந்தா, அந்த வயலாலை வாற தண்ணி."

சின்னராசா அண்ணை துவாயைத் தோளிலிருந்து எடுத்தார். என்ரை வயலிலை பன்றி நெல் இல்லையெண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை என்றார். அவ்வளவுதான் சொன்னார். தன்னைக் காப்பாற்ற வேறு வார்த்தை அவரிடம் இருக்கவில்லை.

"மிஸ், தண்ணியில்லை," என்றேன். "நான்தான் போட்டனான். இந்த வயலுக்குப் போன சாக்குக்குள்ளை கோயில் நெல் ஒரு பிடி போட்டனான். மற்றச் சாக்குகளைத் தொடேல்லை. தம்பிக்கும் தெரியாது, மச்சாளுக்கும் தெரியாது. அந்த அண்ணைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

குணம் என்னைப் பார்க்கவில்லை. தவமணியைப் பார்த்தான். அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பிள்ளை சாக்குகளைப் பற்றி, நாற்று மேடை எங்கே போட்டார்கள் என்பதைப் பற்றி, ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினா. பிறகு மற்ற இரண்டு வயலுக்குள்ளும் திரும்ப இறங்கினா. முதல் தடவை போல் இல்லை, இம்முறை வரிசை வரிசையாக, ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. குணம் பின்னால் நடந்தான். நான் வரம்பில் இருந்து அம்மாளே அம்மாளே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வேறொன்றும் கேட்கத் தெரியவில்லை.

மேல் வயலும் நடு வயலும் விதைக்குச் சரி என்று எழுதினா. வாய்க்கால் கரை வயல் தள்ளுபடி. மிச்சம் உதிர முன் முழுவதையும் பச்சையாகவே வெட்டி எடுக்க வேண்டும், இனி வருகிற போகங்களில் அதில் விதைநெல் செய்யக்கூடாது என்றா. போகும்போது என்னிடம் வந்து, "எங்கடை அம்மாவும் இப்பிடித்தான் அம்மா," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனா.

குணம் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. அரிவாளைத் தீட்டிக்கொண்டு வாய்க்கால் கரை வயலுக்குள் இறங்கினான். பால் கட்டி, இன்னும் மூன்று நான்கு கிழமையில் பொன்னாகப் பழுக்க வேண்டிய நெல். அதைப் புல் அறுப்பது போல அறுத்தான். கையெழுத்து வைக்க முந்தி இது தெரிந்திருந்தால் என் பங்கு நட்டம் என்றாவது சொல்லியிருப்பேன். இப்போது அதுவும் அவன் தலையில்தான். நானும் ஒரு அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினேன். விடுங்கோ அக்கா என்றான். விடவில்லை. அவன் திரும்பச் சொல்லவும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் வாய்க்காலைக் கடந்து சின்னராசா அண்ணை வந்தார். கையில் அரிவாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குணத்துக்குப் பக்கத்து வரிசையில் குனிந்தார். குணம் நிமிர்ந்து, அண்ணை என்று தொடங்கினான். அவர் நிறுத்தவில்லை.

"தங்கச்சி," என்றார், அறுத்தபடி என்னைப் பார்த்து. "வெளிநாட்டாலை வாறவை சொக்கிலேட்டு கொண்டருவினம். கூடினா ஒரு சோப்புக்கட்டி. நீர் பன்றி நெல்லைக் கோயிலிலை வைச்சுக் கும்பிட்டுக் கொண்டந்திருக்கிறீர்."

தவமணிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். குணம் சிரிக்கவில்லை. ஆனால் கொஞ்சம் பொறுத்து, "அடுத்தமுறை வெறுங்கையோடை வாங்கோ அக்கா," என்றான். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அவன் என்னோடு அதற்கு மேல் கதைக்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

அறுத்த பச்சையை உடனே மாட்டுக்குப் போட விடவில்லை. மணி உதிர்ந்து சாணத்தோடு வேறு வயலுக்குப் போய்விடுமாம். மேட்டில் ஒரு கிடங்கு வெட்டி, வாலுள்ள கதிர்களை வேறாக்கி அதற்குள் போட்டுத் தாட்டோம். மிச்சத்தைத்தான் சின்னராசா அண்ணையின் மாடுகள் தின்றன. கிடங்கு மூடி முடிய ஞாயிற்றுக்கிழமை மத்தியானமாகிவிட்டது. சேற்றில் ஏற்கெனவே உதிர்ந்தவற்றைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. வருகிற ஐப்பசி மழைக்கு அவை முளைக்கும். குணம் உழுது தாட்பான். அதற்கடுத்த மழைக்கு மிச்சம் முளைக்கும். தவமணி முழங்காலில் நிற்பாள். நான் அப்போது யாரோ ஒரு கிழவியின் அறையில் யன்னல் துடைத்துக்கொண்டிருப்பேன்.

திங்கட்கிழமை காலை நான் வெளிக்கிட வேண்டும். தவமணி புட்டு அவித்துப் பொதி கட்டிவிட்டு, என் உடுப்புகளைப் பெட்டிக்குள் மடித்துவைக்க வந்தாள். தோய்த்துக் காயப்போட்ட என் நூல் சேலையை உதறியவள் அப்படியே நின்றுவிட்டாள். கரையில் சிவந்த வால்கள் கொளுவிப் பிடித்திருந்தன. தோய்த்தும் போகவில்லை. சேலையை மடியில் போட்டு, குழந்தையின் தலையில் பேன் பார்ப்பது போல ஒவ்வொன்றாக எடுத்தாள். ஏழெட்டு மணி இருக்கும். உள்ளங்கையில் பொத்திக்கொண்டு குசினிக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

அடுப்பில் தணல் இருந்தது. அவள் நெல்லை என் கையில் கொட்டினாள். தானே போட்டிருக்கலாம். போடவில்லை.

எங்களுக்கு நெல் என்றால் லட்சுமி. காலில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றுவோம். நெருப்பில் போட எனக்குக் கை எழும்பவில்லை. கும்பத்தின் கீழே இருந்து வந்த நெல்லின் பிள்ளைகள் இவை. தவமணி பக்கத்தில் நின்றாள். அம்மாளே, மன்னித்துக்கொள் என்று சொல்லிப் போட்டேன். வால்கள் சட்டென்று கருகின. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இரண்டு மணி மட்டும் வெடித்துப் பொரிந்து தணலின் மேல் நின்றன. எந்த நெல்லின் பொரியையும் போல வெள்ளையாக.

நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பொரிஞ்சா முளைக்காது மச்சாள்," என்றாள் தவமணி. "வாங்கோ, பஸ் வரப்போகுது."